பேஷன்ட் கூட யாரு?

அரசு ஆஸ்பத்திரி வார்டில் காலை ஆறரை மணிக்கு ஒரு குரல் கேட்கும். "பதினாலாம் பெட்டு, பேஷன்ட் கூட யாரு?" கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டே, "நான்தாங்க சிஸ்டர்" என்பார். பெயரை யாரும் கேட்பதில்லை. ரத்தக் குப்பியைக் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் அன்று எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று அவரிடம்தான் சொல்வார்கள். சம்மதக் கையெழுத்து போட்ட இடத்தைத் தவிர, கேஸ் ஷீட்டில் வேறெங்கும் அவர் பெயர் இருக்காது.

இந்த அத்தியாயம் அவருக்கானது. வீட்டில் ஒருவரைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் அம்மா, மனைவி, மருமகள், மகன், தங்கை எல்லோருக்கும் தமிழ்நாட்டில் அரசிடமிருந்து என்ன கிடைக்கும், அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் இதில் பேசப்போவது.

என் அம்மா என் அண்ணனுக்கு 46 வருடம் கூட இருந்தார். அண்ணனுக்குப் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. பிறகு அம்மாவுக்கே பக்கவாதம் வந்தது. இருவருக்கும் கூட இருக்க வேண்டிய முறை எனக்கு வந்தது. கீழே சொல்லியிருப்பவற்றில் பலவற்றை நான் தப்பாகச் செய்து, அலைந்து, பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் ஒருவரை வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்கு, வருமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அவர் பெயரிலேயே அரசு ஒரு படி தருகிறது. நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே எல்லா உதவியும் படுத்திருப்பவர் பெயரில்தான் வரும். அதை வாங்கிக் கொடுப்பவராக, கையெழுத்துப் போடுபவராக, துணைக்குப் போகிறவராகத்தான் நீங்கள் அதற்குள் நுழைய முடியும். ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் 'என் பெயர் இதில் எங்கே வரும்?' என்று தேடும் பழக்கம் வேண்டும். தேடினால் சில இடங்களில் கிடைக்கிறது.

சட்டம் உங்களை என்ன பெயரில் அழைக்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பராமரிப்பாளர் என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. பெற்றோர் உள்ளிட்ட குடும்பத்தினர் யாராக இருந்தாலும், ஊதியம் பெற்றோ பெறாமலோ, மாற்றுத்திறனாளி ஒருவருக்குக் கவனிப்பும் ஆதரவும் உதவியும் தருபவர் பராமரிப்பாளர். 'பெறாமலோ' என்ற அந்த ஒரு சொல்லில் என் அம்மா இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள்.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, அரசு வகுக்க வேண்டிய சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில், அதிக ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பாளர் படியையும் சேர்த்திருக்கிறது. கவனியுங்கள், படி பராமரிப்பாளருக்கானது; அதைப் பெறுபவராகச் சட்டம் சொல்வது மாற்றுத்திறனாளியை. அதிக ஆதரவு தேவை என்று 38ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பீட்டுக் குழு பார்த்துச் சொல்லும். தமிழ்நாட்டில் இப்படித் தனி உதவியாளர் தேவைப்படுவோருக்கென மாதம் 1000 ரூபாய் தரும் ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் 'உதவியாளர் தொகை' என்று கேளுங்கள். கேட்காதவர்களிடம் இதை யாரும் எடுத்துச் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை.

உங்கள் உழைப்பை அரசு எண்ணிப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் இருப்பவர்களைக் கூலியின்றிப் பராமரிக்கும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 134 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 76 நிமிடம். அம்மா நன்றாக இருந்த காலத்தில் இதைப் படித்துக் காட்டினேன். "ரெண்டேகால் மணி நேரமா? அவனுக்கு மூணு வேளை சோறு ஊட்டவே அது பத்தாதே" என்றார்.

முதல் தாள்: யுடிஐடி அட்டை

எந்த உதவிக்குப் போனாலும் முதலில் கேட்பது தனித்துவ அடையாள அட்டை, அதாவது யுடிஐடி கார்டு. இ-சேவை மையத்திலோ நீங்களே இணையத்திலோ விண்ணப்பித்தால், மருத்துவ முகாமுக்கு அல்லது அரசு மருத்துவமனைக்கு வரச் சொல்வார்கள். அங்கே மருத்துவர் பார்த்துச் சதவீதம் போடுவார். பக்கவாதம், தண்டுவடக் காயம் போன்றவற்றுக்கு உடனே சதவீதம் போட மாட்டார்கள். வழக்கமாக ஆறு மாதம் போகட்டும் என்பார்கள். அந்த ஆறு மாதத்து மருத்துவச் சீட்டுகளையும் ஸ்கேன்களையும் ஒரு பையில் சேர்த்து வையுங்கள். மாத்திரை வாங்கிய பில் உட்பட.

சதவீதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. 40 என்பது பெரும்பாலான உதவிகளுக்கு வாசல். கடும் பாதிப்பு என்ற வகையில் பராமரிப்பு உதவித்தொகை கேட்க 75 வேண்டும். வருமான வரியில் பெரிய கழிவுக்கு 80. அட்டையின் நிறப் பட்டையே இதைச் சொல்லும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

முகாமில் நடக்கும் ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பலர் தோற்பது இங்கேதான். எங்கள் முறை வந்தபோது மருத்துவர் அண்ணனைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்:

"தானா சாப்பிடுவாராம்மா?"

"சாப்பிடுவான் சார்."

"பாத்ரூம் போவாரா?"

"போவான் சார்."

"பேசுவாரா?"

"எல்லாம் பேசுவான் சார். யாராவது வந்தா வாங்கன்னு சொல்லுவான்."

இதில் பொய் ஒன்றுமில்லை. தட்டில் பிசைந்து உருட்டி வைத்தால் சாப்பிடுவான். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வேட்டியை அவிழ்த்துவிட்டு, பிறகு கழுவியும் விட்டால் பாத்ரூம் போவான். 'வாங்க' என்பதைத் தவிர நாலைந்து சொல் தெரியும். ஆனால் பிள்ளையைப் பற்றி நாலு பேர் முன்னால் குறைவாகச் சொல்ல எந்த அம்மாவுக்கும் வாய் வராது. அதோடு, தான் செய்யும் வேலை ஒரு வேலையாகவே அவருக்குத் தெரிவதில்லை. அன்றைக்குப் பின்னால் நின்றிருந்த நான் குறுக்கிட்டுச் சொன்னேன். அம்மா வீடு வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

ஆகவே முகாமுக்கு முந்தின நாள் ஒரு முழுத் தாளில், காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை அவருக்கு நீங்கள் செய்வதை மணிவாரியாக எழுதுங்கள். எத்தனை முறை தூக்கினீர்கள், எத்தனை துணி மாற்றினீர்கள், இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். மருத்துவர் கேட்டால் அந்தத் தாளைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். 'சாப்பிடுவாரா' என்றால் 'ஊட்டினால் சாப்பிடுவார்' என்பதுதான் முழுப் பதில்.

இரண்டு பணத்தில் எது?

தமிழ்நாட்டில் மாதாமாதம் வரும் பணம் இரண்டு வழியில் இருக்கிறது. ஒன்று வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். விஏஓ, தாசில்தார் வழியாகப் போவது. இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட நல அலுவலகம் வழியாகப் போவது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு கொடுக்கும்போது, வருவாய்த் துறையிலிருந்து எதுவும் வாங்கவில்லை என்று சான்று கேட்பார்கள்.

2023இல் உயர்த்தியபோது ஓய்வூதியம் 1500 ரூபாய் ஆனது. பராமரிப்பு உதவித்தொகை 1500லிருந்து 2000 ஆனது. (சட்டத்தின் 24ஆம் பிரிவில் இன்னொரு வரி உண்டு: மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும். அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியம் 1200 ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 1500 என்பது சட்டம் சொன்ன குறைந்த அளவு, ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இல்லை.) தொகைகள் அவ்வப்போது மாறும். மனு கொடுக்கும் நாளில் நடப்புத் தொகை என்ன என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு உதவித்தொகை எல்லோருக்கும் கிடையாது. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமடைந்தோர் ஆகியோருக்கு 40 சதவீதம் போதும். மற்ற வகையில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்றால் 75 வேண்டும். தண்டுவடக் காயம், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு போன்ற நாள்பட்ட நரம்பு நோய்க்காரர்களும் இதில் வருவார்கள். வீட்டில் ஒருவர் எப்போதும் கூட இருந்தாக வேண்டிய நிலைமை என்றால், பெரும்பாலும் நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

நாங்கள் செய்த தப்பு இதுதான். ஊரில் தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்த மனுவை விஏஓவிடம் கொடுத்து, அண்ணனுக்கு ஓய்வூதியம் வாங்கிவிட்டோம். அவன் வகைக்குக் கூடுதல் பணம் இன்னொரு அலுவலகத்தில் இருக்கிறது என்று தெரிய வருடங்கள் ஆயின. மாற்றப் போனபோது, 'அங்கே ரத்து செய்த ஆர்டர் கொண்டு வாங்க' என்று இங்கேயும், 'அங்கே சாங்ஷன் ஆனால்தான் இங்கே ரத்து' என்று அங்கேயும் சொன்னார்கள். இடையில் நாலு மாதம் இரண்டும் வரவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கு அந்த நாலு மாதம் மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மனுவோடு வைக்க வேண்டியவை யுடிஐடி அட்டை, ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்கள், புகைப்படம், விஏஓ சான்று. எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் தேவையில்லைங்க' என்பார்கள். சிரித்துக்கொண்டே நின்றால் போட்டுத் தருவார்கள். இரண்டு மூன்று முறை போயும் நகரவில்லை என்றால், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த முத்திரைத் தாளின் நகலோடு மனு கொடுங்கள். அங்கே மனுவுக்கு எண் விழும், எண் விழுந்த மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

பணம் வரத் தொடங்கிய பிறகு மறந்துவிடக் கூடாதது வருடாந்திர வாழ்நாள் சான்று. 'உயிருடன் இருக்கிறார்' என்று விஏஓ எழுதித் தரும் அந்தத் தாளைக் கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். படுக்கையில் கிடப்பவரைக் காட்டி அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதி வாங்குவது மனதுக்குக் கஷ்டமான காரியம்தான். சீக்கிரம் முடித்துவிடுங்கள்.

உங்கள் கணக்குக்கே வரும் பணம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது; குடும்பத் தலைவிக்கு மாதம் 1000 ரூபாய். வீட்டில் பெண்கள் செய்யும் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொல்லித்தான் இதைக் கொடுத்தது. பராமரிப்பு உதவித்தொகை வாங்கும் ஆள் வீட்டில் இருப்பதால் உங்களுக்கு இது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கான அந்த உதவியைப் பெறும் குடும்பங்கள், மற்ற தகுதிகள் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று விதியே வைத்திருக்கிறார்கள். மற்ற தகுதிகள் என்பது ஆண்டு வருமானம், நிலம், மின்சார அளவு பற்றியவை.

இது பராமரிப்புக்காகத் தரும் பணம் இல்லை. மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவனுக்கும், என்னைப் போல அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கும் இது கிடையாது. ஆனாலும் கூட இருக்கும் பெண்ணின் கணக்குக்கே நேராக வருவது இது. அதை மாத்திரைச் செலவில் சேர்த்துவிடாமல் இருக்க முடிந்தால் நல்லது.

வங்கியில்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த மூன்றாம் வாரம், அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார் கவுன்டரில் இருந்தவர். "அம்மாவால கையெழுத்துப் போட முடியாது சார்" என்றேன். "அப்ப அவங்களக் கூட்டிட்டு வாங்க" என்றார். ஆட்டோவில் படுக்க வைத்து, இரண்டு பேர் தூக்கிப் போனோம். அப்படிச் செய்திருக்க வேண்டியதே இல்லை.

நோயாளிகள், முதியவர்கள், உடல் செயலிழந்தவர்கள் கணக்கு பற்றி ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல் தெளிவாக இருக்கிறது. வங்கிக்கு வர முடியாதவர், கையெழுத்தும் போட முடியாதவர் என்றால், கைநாட்டு வைக்கலாம். கை விரல் முடியாவிட்டால் கால் பெருவிரல் நாட்டு வைக்கலாம். அதை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையே வைக்க முடியாதவர் என்றால் ஒரு குறி போட்டால்கூடப் போதும், அதற்கும் இரண்டு சாட்சி. யாரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பதையும் வாடிக்கையாளர் குறிப்பிடலாம். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடி அடிப்படை வங்கிச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. கவுன்டரில் வாதாட வேண்டாம். மேலாளருக்கு இந்த இரண்டையும் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள்.

நல்ல நினைவோடு இருக்கும்போதே கணக்கை 'இருவரில் ஒருவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுவது இதையெல்லாம்விட எளிது. 'இப்ப எதுக்கு அதெல்லாம்' என்று எல்லா வீட்டிலும் தள்ளிப் போடுவார்கள். நாங்களும் தள்ளிப் போட்டோம்.

ஓய்வூதியக்காரர்களின் ஜீவன் பிரமாண் சான்றுக்கு இப்போது விரல் ரேகைதான் வேண்டும் என்றில்லை. செல்பேசியில் முகத்தைக் காட்டியும் முடிக்கலாம். தபால்காரரை வீட்டுக்கு அழைத்தும் செய்யலாம், அதற்குச் சிறு கட்டணம் உண்டு.

18 வயது ஆன அன்று

பிள்ளைக்கு 18 முடிந்ததும், அவனுக்கு எத்தனை வயதுக்குரிய அறிவு இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் நீங்கள் இயற்கைப் பாதுகாவலர் இல்லை. சொத்து, வங்கி, இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் இது வந்து முட்டும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்திருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு. ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் அதில் இருப்பார்கள். பெற்றோர் விண்ணப்பித்தால் விசாரித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று தருவார்கள். வக்கீல் தேவையில்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. சொத்து இருந்தால், நியமனம் ஆன ஆறு மாதத்துக்குள் அதன் பட்டியலையும், பிறகு வருடா வருடம் கணக்கையும் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒருவழியாக உங்கள் பெயர், சான்றின் நடுவில், கொட்டை எழுத்தில் இருக்கும்.

இதே அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் வரை. முன்பே இருந்த நோய் என்று தள்ள மாட்டார்கள்; வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அடங்கும். சேருவதற்கான கட்டணம் சில நூறு ரூபாய்தான். வருடம் தவறாமல் புதுப்பியுங்கள்.

கோமாவில் கிடப்பவருக்கு இந்தச் சட்டம் உதவாது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, மருத்துவச் செலவுக்காகக் கணவரின் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதித்தது. முதலில் விசாரித்த தனி நீதிபதி, சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார். அப்படி ஒரு நிலைமை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தத் தீர்ப்பைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

வேலைக்குப் போகிறவர் என்றால்

மத்திய அரசு ஊழியர்களுக்கு மூன்று விஷயங்கள். மாற்றுத்திறன் பிள்ளையைப் பராமரிப்பவருக்கு வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கு 2014 ஜூனில் வந்தது. 2018 அக்டோபரில் அதைக் கணவன், மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோரைப் பராமரிப்பவர்களுக்கும் விரித்தார்கள். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பெண் ஊழியருக்கும், தனியாக வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பணிக்காலம் முழுவதிலும் 730 நாள். மாற்றுத்திறன் பிள்ளை என்றால் பிள்ளையின் வயதுக்கு வரம்பு இல்லை. மூன்றாவது, சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறன் பிள்ளைக்கு ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம். பிள்ளையின் பெயரை உங்கள் ஓய்வூதிய ஆணையில் நீங்கள் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். 'எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா' என்ற கேள்வியில், பணம் பற்றிய பங்குக்காவது அது பதில் சொல்லும்.

வருமான வரி கட்டுபவர் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய், 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். செலவு அதைவிடக் குறைவாக இருந்தாலும் தொகை மாறாது. '80டிடி' என்று சொன்னால் ஆடிட்டருக்குப் புரியும்.

தனியார் வேலையில் இருப்பவருக்கு, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதற்கென்று சட்டப்படி விடுப்பு எதுவும் கிடையாது. முதலாளியின் மனசுதான். இந்தப் புத்தகத்தில் நான் எழுதியதிலேயே வெட்கப்பட வேண்டிய வரி இது. வெட்கப்பட வேண்டியது நானல்ல.

பயணம்

சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில், துணையில்லாமல் போக முடியாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், முழுப் பார்வையிழந்தவர் ஆகியோருக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதச் சலுகை. துணையாக வரும் ஒருவருக்கும் அதே சலுகை உண்டு. ரயில்வே தரும் சலுகை அடையாள அட்டையை ஒரு முறை வாங்கி வைத்துக்கொண்டால் இணையத்திலேயே பதிவு செய்யலாம்.

வீடு தேடி வருபவர்கள்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பலருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையாகத்தான் தெரியும். அதில் நோய்த் தணிப்புக் கவனிப்புக்கான செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வரும் ஏற்பாடும் உண்டு. படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்று உங்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த செவிலியர்தான், அம்மாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கவும், என் முதுகு பிடித்துக்கொள்ளாமல் போர்வையை அடியில் விட்டு இழுத்துத் திருப்பவும் சொல்லிக் கொடுத்தார். அதுவரை நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். முதுகுவலியோடு திரிந்த எட்டு மாதம் அந்தப் பத்து நிமிடப் பாடத்தில் முடிந்தது.

அன்றைக்கு அவர் அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, பட்டையைச் சுருட்டப் போனவர் நின்று, "சார், உங்களுக்கு எப்பப் பார்த்தது?" என்றார். எனக்கு நினைவில்லை. போட்டுப் பார்த்தால் 160க்கு 100. அடுத்த முறை உங்கள் வீட்டுக்கு வரும்போது அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே கேட்டு, உங்களுக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டை உங்கள் பெயரில் தனியாக எழுதி வாங்குங்கள்.